குஞ்சின் வாயளவு

வாய்

ஃபைட்டர் மீனின் குஞ்சு நீந்தத் தொடங்கும் நாளில் அதன் நீளம் 3 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். உடம்புக்கு நிறமில்லை. இரண்டு கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை கண்கள். தொட்டிக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்து, கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு பார்க்கும்போது, உதிர்ந்த இமைமயிர் ஒன்று தண்ணீரில் மிதப்பதுபோல் இருக்கிறது. அசையாமல் நிற்கிறது. வால் பக்கம் மெல்ல வளைகிறது. சட்டென்று ஒரு பாய்ச்சல். அரை விரற்கடை தள்ளிப் போய் மறுபடி நிற்கிறது. அந்தப் பாய்ச்சலில் அது எதையோ பிடித்துத் தின்றுவிட்டது. என்ன என்பது என் கண்ணுக்குத் தெரியவில்லை.

கடையில் விற்கும் குருணைத் தீவனத்தை எவ்வளவு பொடித்துப் போட்டாலும் அந்த வாய்க்குப் பெரிது. அதோடு, அசையாத ஒன்றை இந்த வயதுக் குஞ்சு இரையென்று எண்ணுவதும் அரிது. வயிற்றில் ஒட்டியிருந்த மஞ்சள்கரு தீர்ந்த பிறகு அதற்கு இருக்கும் அவகாசம் குறைவு. அதற்குள், வாயில் நுழையும் அளவில், உயிரோடு நகரும் ஏதாவது எதிர்ப்பட வேண்டும்.

ஆகவே குஞ்சுக்கு என்னால் நேராகச் செய்ய முடிவது கொஞ்சம்தான். அதைவிடச் சிறிய உயிர்களை நான் காப்பாற்ற வேண்டும். அவை குஞ்சைக் காப்பாற்றும். புதுக்கோட்டை மாவட்டத்து அரிமளத்தில், வீட்டுத் தாழ்வாரத்தில் தொட்டிகளை வைத்துக்கொண்டு நான் மெதுவாகக் கற்றது இது ஒன்றுதான்.

தண்ணீர்

எங்கள் பக்கம் செம்மண். ஆழ்குழாய்த் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். பேரூராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடிக்கும். மழைத் தண்ணீர் மூன்றிலும் மென்மையானது. மீனுக்கு இவை மூன்றும் மூன்று வேறு உலகங்கள். கப்பிக்கும் மாலிக்கும் கடினத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும். ஃபைட்டர் மென்மையான தண்ணீரை விரும்பும். ஆனால் எதற்கும் பழகிக்கொள்ளும், பழகுவதற்கு நேரம் கொடுத்தால்.

இந்த வட்டாரத்துப் பெரிய வீடுகளில் ஓட்டுக் கூரையிலிருந்து முற்றத்துக்கு வரும் மழைநீரைப் பிடித்து வைக்கும் பழக்கம் உண்டு. பித்தளை அண்டாவும் செம்புக் கொப்பரையும் அதற்கென்றே இருந்தன. மனிதர் குடிக்க அது நல்லது. மீன் தொட்டிக்கு அந்தத் தண்ணீர் ஆகாது. கரைந்த செம்பு மீனின் செவுளைத் தாக்கும். மீன் தாங்கும் அளவிலேயே, அதற்கு இரையாகும் தண்ணீர்ப் பூச்சிகள் செத்துப்போகும். மழைநீரை மண்பானையிலோ பிளாஸ்டிக் டிரம்மிலோ பிடித்தால் கவலை இல்லை. குழாய்த் தண்ணீரை வாயகன்ற பாத்திரத்தில் ஓரிரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும்.

குஞ்சுத் தொட்டிக்குப் புதுத் தண்ணீரை நான் குவளையால் ஊற்றுவதில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் டிரிப்ஸ் டியூப் போதும். ஒரு வாளியை மேலே வைத்து, டியூபின் சக்கரத்தைத் திருகி, சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் இறங்கிய தண்ணீர் எது, முன்பிருந்தது எது என்று குஞ்சுக்குத் தெரியாது. அந்த ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சொட்டு விழும் இடத்தில் ஒரு குஞ்சுகூட விலகுவதில்லை என்பதைப் பார்த்தபின் எழுந்து போவேன்.

தொட்டிக்குள் வேறொரு கூட்டமும் வாழ்கிறது. மீன் விடும் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. ஒரு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. முதல் இரண்டும் குஞ்சைக் கொல்லும். மூன்றாவது அவ்வளவு தீங்கில்லை. இந்த நுண்ணுயிர்கள் ஸ்பாஞ்ச் ஃபில்டரின் துளைகளில் குடியேறிப் பெருகச் சில வாரங்கள் ஆகும். அழுக்காக இருக்கிறதே என்று அந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவினால் குளோரினில் மொத்தக் குடியும் அழிந்துபோகும். தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு அலசு அலசினால் போதும். சுத்தம் என்று கண் நினைப்பதும் சுத்தம் என்று மீனுக்கு இருப்பதும் ஒன்றல்ல.

தகப்பன்

ஆண் ஃபைட்டர் நுரைக்கூடு கட்டும்போது அவசரமே இருப்பதில்லை. மேலே வந்து ஒரு மிடறு காற்றை வாங்கும். அதைத் தன் எச்சிலில் பொதிந்து ஒரு குமிழியாக விடும். காய்ந்த வாதுமை இலை ஒன்றை மிதக்க விட்டிருந்தால் பெரும்பாலும் அதன் அடியைத்தான் தேர்ந்தெடுக்கும். குமிழிகள் ஒன்றன்கீழ் ஒன்று சேர்ந்து தடிமனாகும். பெண் முட்டையிடும்போது வெள்ளைத் துகள்கள் மெல்லக் கீழிறங்கும். ஆண் பின்னாலேயே போய் ஒவ்வொன்றையும் வாயில் அள்ளி, மேலே வந்து, நுரைக்குள் ஊதி வைக்கும். வேலை முடிந்ததும் பெண்ணை விரட்டும். அப்போது பெண்ணை வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.

ஒன்றிரண்டு நாட்களில் முட்டை பொரியும். குஞ்சுகள் வால் கீழே தொங்க, நுரையில் தலை ஒட்டி நிற்கும். நீந்தத் தெரியாது. பிடி நழுவினால் தரைக்குப் போய்விடும். இரவில் சிறு விளக்கு ஒன்றை விட்டுவைத்தால் தகப்பனின் வேலையைப் பார்க்கலாம். ஒரு குஞ்சு விழுகிறது. அது பாதி வழி போவதற்குள் வாயில் ஏந்துகிறது. உடனே மேலே போவதில்லை. அடியில் தேடி இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொண்டு போய் நுரையில் ஊதுகிறது. அதற்குள் வேறொன்று விழுகிறது. விடியும்வரை இதுதான். அந்த நாட்களில் அது பெரும்பாலும் இரை எடுப்பதில்லை.

குஞ்சுகள் படுக்கைவசமாக நீந்தத் தொடங்கியதும் தகப்பனையும் வெளியே எடுத்துவிடுகிறோம். நான்கு நாள் முன்பு வாயில் ஏந்திய குஞ்சை அது இரையாகவும் பார்க்கக்கூடும். ஏந்தியதும் உண்மை, தின்னக்கூடும் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துப் பார்க்க எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

ஃபைட்டர் சயாமிலிருந்து வந்தது. தாய்லாந்து 2019-ல் அதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. அதே நுரை வேலையைச் செய்யும் மீன் நம் பக்கத்திலும் இருக்கிறது. ‘சூடோஸ்ப்ரோமெனஸ் குபானஸ்’ என்பது அதன் அறிவியல் பெயர். பிரெஞ்சு இயற்கையியலாளர் குவியே 1831-ல் அதை முதலில் விவரித்தபோது, புதுச்சேரியை ஒட்டிய அரியாங்குப்பம் ஆற்றின் பெயரைத்தான் அதற்குச் சூட்டினார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குளம், வயல், வாய்க்கால் என்று ஓடாத தண்ணீரில் வாழ்கிறது. விரல் நீளமிருக்காது. பழுப்பு உடம்பு, கூரிய வால். இலைக்கடியில் நுரை கட்டி, குஞ்சைக் காவல் காக்கிறது. கடையில் அதற்கு விலை வைப்பார் யாருமில்லை. குளத்தோரம் குனிந்து பார்ப்பவருக்கு அது கிடைக்கும்.

வைக்கோல்

குஞ்சின் முதல் வாரத்து இரையைக் கண்ணாடி பாட்டிலில் வளர்க்கலாம். வைக்கோலைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொதிக்க வைத்து ஆறவிட வேண்டும். ஊருணித் தண்ணீர் ஒரு கை சேர்த்து, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் கலங்கும், நாறும். அது பாக்டீரியா பெருகும் கட்டம். கலங்கிய நிலையில் குஞ்சுக்குக் கொடுத்தால் தொட்டி கெட்டுவிடும். பொறுக்க வேண்டும். பிறகு நாற்றம் அடங்கி மண்வாடை வரும். தண்ணீர் மெல்லத் தெளியும். பாக்டீரியாவைத் தின்று பாரமீசியமும் அதன் உறவினங்களும் பெருகியிருக்கின்றன என்பதற்கு அந்தத் தெளிவுதான் அடையாளம்.

கலங்கிய கட்டத்தில் அம்மாவுக்குப் பொறுமை இருப்பதில்லை.

“என்னடா இது, நாத்தம் கொடலப் புடுங்குது. கொல்லையில கொண்டுபோய் ஊத்து.”

“ரெண்டு நாள் பொறும்மா, தண்ணி தெளிஞ்சிரும்.”

தெளிந்த பிறகு தம்பி மகள் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள்.

“பெரியப்பா, இதுல ஒண்ணுமே இல்லையே.”

“லைட்ட பின்னாடி புடிச்சுப் பாருத்தா.”

பிடித்தாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “தூசி ஓடுது பெரியப்பா. மேல இருந்து கீழ ஓடுது. திரும்புது!”

ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வியாபாரம் செய்துவந்த லேவன்ஹூக், 1670-களில், தானே இழைத்த வில்லையால் ஏரித் தண்ணீரையும் தேங்கிய மழைத் தண்ணீரையும் பார்த்தார். அதற்குமுன் எவரும் எழுதி வைக்காத உயிர்களை எழுதி வைத்தார். வெறும் தண்ணீர் என்று உலகம் நினைத்திருந்தது அன்றோடு முடிந்தது. அறிவுக்கு முடிந்ததே தவிர, பழக்கத்துக்கு இன்னும் முடியவில்லை. தெளிந்த தண்ணீரைப் பார்த்தால் ஒன்றுமில்லை என்றுதான் எனக்கும் முதலில் தோன்றுகிறது. ஒவ்வொரு முறையும் விளக்கைப் பின்னால் பிடித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தெளிந்த பாட்டில் தண்ணீரை ஃபில்லரில் எடுத்து, காலையும் மாலையும் குஞ்சுக்குச் சில சொட்டு. அவித்த முட்டையின் மஞ்சள்கருவைத் துணியில் பிழிந்து கொடுப்பவர்களும் உண்டு. குஞ்சு அதைத் தின்னும். ஆனால் தின்னாமல் மிஞ்சியது அழுகி அம்மோனியாவாகும். எங்கள் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரில் காரத்தன்மை கூடுதல். காரம் கூடக் கூட அம்மோனியாவின் நஞ்சும் கூடும். உயிருள்ள இரை மிஞ்சினால் நீந்திக்கொண்டிருக்கும், அடுத்த வேளைக்கு ஆகும்.

உப்பு

ஒரு வாரம் கடந்த குஞ்சுக்கு ஆர்ட்டீமியா. உப்பேரிகளில் வாழும் சிறு இறால் அது. அதன் முட்டை காய்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். டப்பாவில் அடைத்து விற்கப்படுபவற்றில் கணிசமான பகுதி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பேரியிலிருந்து வருகிறது. நம் தூத்துக்குடி உப்பளப் பாத்திகளிலும் ஆர்ட்டீமியா வாழ்கிறது. ஆண் இல்லாமலே பெண்கள் மட்டும் பெருகும் வகை அது.

தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து மாட்டி, ஒரு லிட்டருக்கு 25 கிராம் அளவில் கல்லுப்பைக் கரைத்து, கழுத்துவரை ஏர் பம்ப் குழாயை விட்டால் பொரிகலம் தயார். பழுப்புப் பொடியை ஒரு சிட்டிகை போட வேண்டும். ஒரு நாளில் தண்ணீர் இளஞ்செம்மஞ்சளாக மாறும். காற்றை நிறுத்தினால் ஓடுகள் மேலே மிதக்கும். உயிர்கள் கீழே வெளிச்சம் இருக்கும் பக்கம் கூடும். டியூபால் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுக்க வேண்டும். பொரிந்த சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் சத்து. நேரமாக ஆகத் தன் மஞ்சள்கருவை அதுவே செலவழித்துவிடும். நல்ல தண்ணீரில் அது வெகு நேரம் உயிரோடும் இருக்காது. அதனால் அளவு முக்கியம்.

அளவு போதுமா என்பதைக் குஞ்சே சொல்லும். நிறமில்லாத உடம்புக்குள் வயிறு மட்டும் செம்மஞ்சளாக உருண்டு தெரியும். தொட்டி முழுக்க அந்த உருண்டைகள் நகர்வதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு மேற்கொண்டு எதுவும் போடக் கூடாது. இன்னும் கொஞ்சம் போடலாம் என்று கை நீளும். அந்தக் கையை மடக்கி வைப்பது குஞ்சு வளர்ப்பில் பாதி வேலை.

மார்கழி

புதுக்கோட்டைப் பக்கத்தில் குளிர் என்று சொல்லும்படி இருப்பது மார்கழியும் தையின் முன்பாதியும்தான். விடியற்காலையில் தாழ்வாரத்துத் தண்ணீர் சில்லென்று இருக்கும். ஃபைட்டர் குஞ்சுக்கு 26 முதல் 28 டிகிரி வேண்டும். அதற்குக் கீழே போனால் இரை எடுப்பது குறையும், வளர்ச்சி நிற்கும். ஹீட்டர் இல்லாதவர்கள் பழக்கடையில் தூக்கிப்போடும் தெர்மோகோல் பெட்டியைத் தொட்டியாக வைத்துக்கொள்கிறார்கள். சூடு மெதுவாக இறங்கும், மெதுவாக ஏறும்.

மூடியும் தேவை. மூன்று நான்கு வாரத்தில் குஞ்சின் தலைக்குள், செவுளுக்கு மேலே, காற்றைச் சுவாசிக்கும் ஒரு மடிப்புறுப்பு உருவாகத் தொடங்கும். அதன்பின் குஞ்சு மேலே வந்து காற்று வாங்கும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்து, மேலேயுள்ள காற்று குளிர்ந்து வறண்டிருந்தால் அந்த உறுப்பு பாதிக்கும் என்று வளர்ப்பவர்கள் எச்சரிக்கிறார்கள். மூடியின் உட்புறத்தில் நீர் கோத்து நின்றால் சரியாக இருக்கிறது என்று பொருள்.

பனையேறிக் கெண்டைக்கும் இதே வகை உறுப்புதான். தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ்காரரான டால்டார்ஃப், அந்த மீன் பனை மரத்தில் ஏறக் கண்டதாக எழுதியது 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் தொகுதியில் வெளிவந்தது. பனை ஏறியதோ இல்லையோ, தண்ணீரை விட்டுத் தரையில் அது வெகுதூரம் நகரும் என்பது மழைக்காலத்தில் வரப்பில் நடப்பவர்களுக்குத் தெரியும். வற்றும் நிலத்தில் மீனாகப் பிறந்ததற்கு உடம்பு கண்டுபிடித்த வழி அது.

தின்னும் தாய்

கப்பி முட்டையிடுவதில்லை, குட்டி போடும். ஏறக்குறைய 4 வாரத்துக்கு ஒரு முறை. ஒருமுறை ஆணோடு சேர்ந்தால் விந்தைச் சேமித்து வைத்துப் பல ஈற்றுக்குப் பயன்படுத்தும். பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் அதை 1859-ல் விவரித்தார். பிறகு டிரினிடாடிலிருந்து லண்டனுக்கு மாதிரி அனுப்பிய கப்பி என்பவரின் பெயர் வழக்கில் நிலைத்துவிட்டது.

பிறந்த குட்டி அப்போதே நீந்தும், அப்போதே தின்னும். ஆர்ட்டீமியா நேராகக் கொடுக்கலாம்; பொடித்த தீவனமும் எடுக்கும். வளர்க்கச் சுலபம். ஆனால் முதல் எதிரி தாய்தான். ஈன்ற களைப்பு தீருமுன்பே திரும்பிப் பார்த்துக் கவ்விவிடும். அதைக் கொடூரம் என்று சொன்னால் நாம் மீனைப் பார்க்கவில்லை, நம்மைத்தான் பார்க்கிறோம். அசைகிற சிறியதை இரை என்று அறியும் கண்தான் அந்தத் தாயைக் குட்டியாய் இருந்த நாளில் உயிரோடு காத்தது. அதே கண்தான் இப்போதும் பார்க்கிறது.

கப்பித் தொட்டியில் குட்டிகளைக் காப்பது வேலம்பாசி. அடர்த்தியாகப் போட்டுவைத்தால் தாயால் நுழைய முடியாத இடுக்குகளில் குட்டிகள் தங்கும். பாசியின் தண்டுகளில் படியும் நுண்ணுயிர்களைக் கொத்தித் தின்னும். இடமும் இரையும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. குளத்திலிருந்து பாசி கொண்டுவந்தால் மட்டும் ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்த்துவிட வேண்டும். தட்டானின் நீர்ப்புழு அதில் ஒளிந்து வரும். ஒன்று வந்தாலும் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்றுவிடும்.

விரால்

மழைக்குப் பின் கண்மாயின் ஓரத்து நீர்ச்செடிகளுக்கு நடுவே, காற்றே இல்லாதபோது, ஒரு இடத்தில் மட்டும் தூறல் விழுவதாகத் தெரியும். உற்றுப் பார்த்தால் செந்நிறத் துகள்கள் திரண்டு புரளும். விரால் குஞ்சுகள். மூச்சுக் காற்றுக்காகக் கூட்டமாக மேலே வந்து போவதால் வரும் சலசலப்பு அது. சற்றுக் கீழே தாயும் தகப்பனும் இருக்கும். தவளை அருகில் வந்தால் பாய்ந்து துரத்தும்.

அந்தச் சிவப்புத் திரளைப் பார்த்துத் தூண்டில் போட்டால் பெரிய விரால் நிச்சயம் கிடைக்கும். காவல் காப்பது தன் உயிரைப் பற்றி யோசிப்பதில்லை. காவல் போன திரளைக் கெளுத்தியும் பறவையும் கலைத்துத் தின்றுவிடும். ஒரு மீனைப் பிடித்தவர் பல நூறை இழந்தார் என்பதைக் கணக்குப் போடத் தெரிந்த பெரியவர்கள், குஞ்சோடு இருக்கும் விராலை விட்டுவிடு என்பார்கள்.

செல்லாக்காசு மீனிடம் இன்னொரு வழி உண்டு. கடலோரக் கழிமுகங்களிலும் அதையொட்டிய நன்னீரிலும் வாழும் மஞ்சள் நிறச் சிறு மீன். பெற்றோர் இருவரும் குஞ்சுகளைச் சுற்றிக்கொண்டு திரிவார்கள். குஞ்சுகள் பெற்றோரின் உடம்பில் மோதி மோதி விலகும். விளையாட்டில்லை, உடம்பின் மேல் ஊறும் கோழையைத் தின்கின்றன. அமேசானின் டிஸ்கஸ் மீனும் இதைச் செய்கிறது. பெற்றோர் தங்கள் உடம்பையே குஞ்சின் வாயளவுக்குச் சிறிதாக்கிக் கொடுக்கும் ஏற்பாடு இது.

காய்ந்த கண்மாய்

பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றும்போது புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். கரையில் நிற்கும் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவும் வலையும் கச்சாவுமாகச் சனம் இறங்கும். அன்று ஊர் முழுக்க ஒரே குழம்பு வாசம். அதற்கப்புறம் கண்மாய் வெடித்துக் கிடக்கும். ஆடு மேயும்.

அந்த வெடிப்பு மண்ணில் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் தண்ணீர்ப் பூச்சிகள், நீர் வற்றுவதை உணர்ந்ததும், தடித்த உறைபோட்ட முட்டைகளை மண்ணில் விட்டுவிட்டுத்தான் சாகின்றன. ஆர்ட்டீமியாவுக்கு நன்னீரில் வாழும் உறவுகள் உண்டு. தமிழ்நாட்டின் தற்காலிகக் குட்டைகளில் அந்தச் சிறு இறால்கள் இருக்கின்றன. அவற்றின் முட்டையும் காய்ந்த மண்ணில் உறங்கும். வெயில் அவற்றைக் கொல்வதில்லை. ஆவணி, புரட்டாசியில் இடிமழை பெய்து, ஐப்பசியில் அடைமழை பிடித்து, வாரியில் செந்தண்ணீர் வந்து சேர்ந்ததும் அவை விழிக்கும். முதலில் பாக்டீரியா, பிறகு பாரமீசியம், பிறகு தண்ணீர்ப் பூச்சி. அவை பெருகும் நாட்களில்தான் மீன்களும் முட்டையிடுகின்றன. என் பாட்டிலில் வைக்கோலும் ஒரு கைத் தண்ணீரும் செய்வதைக் கண்மாய் தானாகவே, ஆண்டுதோறும், பெரிதாகச் செய்கிறது.

அதற்கு வேண்டியது ஒன்றுதான்: தண்ணீர் நேரத்துக்கு வந்து சேர வேண்டும். அரிமளம் சுற்றுவட்டாரத்து விவசாயிகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதைத்தான். தைல மரக் காடுகளில் மழைநீரைத் தடுத்துக் கரை போட்டால் கண்மாய்க்கு வரத்து நின்றுபோகிறது என்கிறார்கள். அவர்கள் நெல்லை எண்ணிச் சொல்கிறார்கள். நான் அந்தப் பேச்சைக் கேட்கும்போது மண்ணுக்குள் விழிக்காமல் கிடக்கும் முட்டைகளையும் சேர்த்து எண்ணிக்கொள்கிறேன். வரத்து நின்றால் முதலில் இல்லாமல் போவது கண்ணுக்குத் தெரியாதவை. கெண்டையும் அயிரையும் குறைந்ததை நாம் கவனிக்கும்போது அடித்தளம் எப்போதோ போயிருக்கும். பிறகு வெளியிலிருந்து கட்லா, ரோகு குஞ்சுகளை வாங்கி விட்டு, கண்மாயில் மீன் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். அது இருப்பு ஆகாது.

கொளத்தூர்

சென்னை கொளத்தூரிலும் சுற்றுப்புறத்திலும் வண்ண மீன் வளர்ப்பைப் பல குடும்பங்கள் தொழிலாகச் செய்கின்றன. வீட்டின் பின்புறமும் மொட்டை மாடியும் சிமென்ட் தொட்டிகளால் நிறைந்திருக்கும். தமிழ்நாட்டின் சிறு ஊர்க் கடைகளில் பாலிதீன் பையில் தொங்கும் மீன்களில் பலவும் அங்கிருந்து வந்தவை.

தொழிலாகச் செய்பவர்களும் இதே வழியில்தான் போகிறார்கள். முதலில் ஒரு தொட்டியில் சாணமும் ஊறவைத்த கடலைப் பிண்ணாக்கும் கரைத்துவிட்டு, தண்ணீர் பச்சையாக மாறக் காத்திருப்பார்கள். அதில் தண்ணீர்ப் பூச்சி விட்டுப் பெருக்குவார்கள். பூச்சி நிறைந்த பிறகுதான் மீனை ஈற்றுக்கு விடுவார்கள். லாப நட்டம் பார்க்கும் கைகள் பல ஆண்டு உழைப்பில் கண்ட முறையும் கண்மாயின் முறையும் ஒன்றாக இருப்பது எனக்குப் பெரிய நிம்மதி.

பிரித்தல்

ஒரே நாளில் பொரிந்த ஃபைட்டர் குஞ்சுகள் ஒரே அளவில் வளர்வதில்லை. வேகமாக வளர்ந்தது அதிகம் தின்னும். அதிகம் தின்றது இன்னும் வளரும். ஒரு கட்டத்தில் தன் உடன்பிறப்பையே விழுங்கும் வாய் அதற்கு வந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை வலைபோடாமல், தேக்கரண்டியால் அள்ளி, பெரியவற்றை வேறு பெட்டிக்கு மாற்றுவது நல்லது. இரண்டு மூன்று மாதத்தில் ஆண்கள் ஒன்றையொன்று பார்த்துச் செவுளை விரிக்கத் தொடங்கும். அப்போது ஆளுக்கொரு பாட்டில்.

ஒரு ஈற்றில் நூற்றுக்கணக்கில் முட்டைகள் இருக்கலாம். அத்தனையும் பிழைப்பதில்லை. முதுகு வளைந்தவை, மேலே எழும்ப முடியாமல் அடியில் கிடப்பவை, காரணம் தெரியாமலே நின்றுபோனவை என்று நாள்தோறும் சில போகும். டியூபால் அவற்றை எடுத்துச் செம்பருத்தியின் அடியில் விடுவேன். இத்தனை முட்டை இட்டதே இத்தனை இழப்பைக் கணக்கில் வைத்துத்தான் என்று அறிவு சொல்லும். அந்தச் சமாதானத்தை நான் முழுதாக ஏற்றுக்கொள்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் வாயளவு இரையும் கெடாத தண்ணீரும் கிடைத்ததா என்று கேட்டுக்கொள்கிறேன். கிடைத்தது என்றால் மனம் அடங்கும்.

விடக் கூடாதது

வளர்ந்த மீன்கள் மிஞ்சும்போது ஊருணியில் விட்டுவிடலாம் என்று தோன்றும். புண்ணியமாகவும் படும். செய்யக் கூடாது. கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று 1928-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா, நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் சேர்த்தே தின்றது. கப்பி எங்கும் பரவிவிட்டது. கடையில் ‘டேங்க் கிளீனர்’ என்று வாங்கிய சக்கர் மீன், தொட்டிக்குப் பெரிதானதும் ஏரியில் விடப்பட்டு வலையை நிறைக்கிறது. வளர்ப்பதற்குத் தடை உள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தி வாயில் அகப்பட்டதையெல்லாம் விழுங்குகிறது. ஊருணியில் ஏற்கெனவே குஞ்சுகள் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய இரையும் அளவாக இருக்கிறது. அதில் பங்கு கேட்க என் மீன்களுக்கு உரிமையில்லை.

தெரிந்த வீடுகளுக்குக் கொடுக்கலாம், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், கடைக்காரர் எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொள்ள ஆளில்லை என்றால் அடுத்த ஜோடியைச் சேர்க்காமல் இருக்கலாம்.

தொடங்குகிறவருக்கு

குஞ்சு வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதல் நாளே ஜோடி மீன் வாங்கிவிடுகிறார்கள். நான் அவர்களிடம் சொல்வது இதுதான்: முதலில் ஒரு மாதம் தண்ணீரை மட்டும் வளருங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு, அது அழுக்கேறட்டும் என்று விடுங்கள். வைக்கோல் தண்ணீர் இரண்டு பாட்டில் வையுங்கள். ஒன்று கெட்டால் மற்றொன்றிலிருந்து திரும்பத் தொடங்கலாம். அவற்றுக்கு வாரம் ஒரு துண்டு வைக்கோல் போடுங்கள், அதிகமாகப் போடாதீர்கள். பார்க்க ஒன்றும் இல்லாத அந்த ஒரு மாதத்தில், நாள் தவறாமல் போய்ப் பார்க்க மனம் வருகிறதா என்று கவனியுங்கள்.

வந்தால், ஜோடியை வாங்கலாம். மீன் முட்டையிடுவதற்கு உங்கள் உதவி அதிகம் தேவைப்படாது.